குழாயின் முனையிலே நிற்பவன்!

வளர்கிறது நகரம்! பத்து மாடி, இருபது மாடி, முப்பது மாடி என்று வான் நோக்கி வளர்கிறது. மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள், மேம்பாலங்களுக்குத் தளங்கள், மருத்துவமனைக்கு மாடிகள், மாணவர்க்கு விடுதிகள்! நின்று பார்க்கிறோம், நெஞ்சு நிமிர்கிறது. அந்தக் கட்டடங்களுக்கு நடுவே, லாரியின் முதுகிலே மடிந்து கிடந்து, வேளை வந்ததும் எழுந்து, மதிலைத் தாண்டி, மாடியைத் தாண்டி, வளைந்து நீண்டு நிற்கிறதே ஓர் இரும்புக் கை, அதையும் பார்த்திருப்பீர்கள். "பூம் பம்ப்" என்பது தொழிலாளர் அதற்கு வைத்திருக்கும் பெயர்.

கீழே ரெடிமிக்ஸ் லாரி வந்து நிற்கும். சிமென்ட்டும் மணலும் ஜல்லியும் நீரும் கலந்த கலவையை இயந்திரத்தின் தொட்டியிலே கொட்டும். தொட்டிக்கு அடியிலே இரண்டு உருளைகள். ஒன்று இழுக்கும், ஒன்று தள்ளும். தள்ளப்பட்ட கலவை இரும்புக் குழாய் வழியே கையின் மீது ஏறி, உச்சியைத் தொட்டு, நுனியிலே தொங்கும் ரப்பர்க் குழாய் வழியே தளத்திலே கொட்டும். சாரத்திலே ஏறி, தலையிலே சட்டி சுமந்து, கழுத்து நோக, கால் தடுமாற, நாளெல்லாம் நூறு சித்தாட்கள் செய்த வேலையைச் சில மணி நேரத்திலே செய்து முடிக்கிறது இந்த இயந்திரம்.

வரவேற்கிறோம்! வாழ்த்துகிறோம்! தொழிலாளியின் தலைச்சுமையை இறக்கி வைக்கும் எந்த இயந்திரத்துக்கும் நாம் எதிரி அல்ல. 1927இலே ஜெர்மனி நாட்டிலே மாக்ஸ் கீஸ், ஃபிரிட்ஸ் ஹெல் என்ற இருவர் கான்கிரீட்டைக் குழாய் வழியே தள்ளும் பம்பை உருவாக்கிக் காட்டினார்கள். 2008இலே துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டடத்துக்கு 606 மீட்டர் உயரத்துக்குக் கலவையை ஏற்றிக் காட்டினார்கள். 2011இலே ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைகள் கொதித்தபோது, மனிதன் நெருங்க முடியாத அந்த இடத்துக்கு 58 மீட்டர் நீளக் கையுடைய கான்கிரீட் பம்ப்பைக் கொண்டுவந்து, அதன் வழியே தண்ணீரை ஊற்றிக் குளிரவைத்தார்கள். இந்த வகை இயந்திரங்களை நம்முடைய இருங்காட்டுக்கோட்டையிலே நம் பிள்ளைகளே செய்கிறார்கள். அறிவின் வெற்றி அது; அதைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை.

ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். அந்த இரும்புக் கையின் நுனியிலே, அந்த ரப்பர்க் குழாயின் முனையிலே, குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே ஒருவன், அவன் யார்?

இயந்திரத்துக்கு உரிமையாளன் அல்ல. அவர் அலுவலகத்திலே இருக்கிறார். இயக்குபவனும் அல்ல, அவர் கையிலே ரிமோட்டைப் பிடித்துத் தள்ளி நிற்கிறார். பொறியாளரும் அல்ல, அவர் வரைபடத்தோடு நிற்கிறார். முனையிலே நிற்பவன் அன்றாடக் கூலி! உள்ளூர்த் தோழனாக இருப்பான். அல்லது பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வங்கத்திலிருந்தோ பிழைக்க வந்த தோழனாக இருப்பான். கூலியிலே கடைசி, ஆபத்திலே முதல்! மேஸ்திரி "இங்கே கொட்டு" என்றால் இங்கே இழுப்பான். "அங்கே கொட்டு" என்றால் அங்கே இழுப்பான். சில நேரம் குழாயைத் தோளிலே சாய்த்துக்கொள்வான். சில நேரம் இரண்டு கால்களுக்கு இடையிலே பிடித்துக்கொள்வான். ரப்பர் தானே, என்ன செய்துவிடும் என்று எண்ணுகிறான்.

என்ன செய்யும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கான்கிரீட் அமுங்காது, காற்று அமுங்கும். இதுதான் விஷயம் முழுவதும். வாயுவை அழுத்தினால் அதன் அளவு சுருங்கும் என்று 1662இலேயே ராபர்ட் பாயில் எழுதிவைத்துவிட்டார். குழாய்க்குள்ளே கலவை மட்டும் இருந்தால், பம்ப் தள்ளத் தள்ள அது நகரும், நிறுத்தினால் நிற்கும். குழாய்க்குள்ளே காற்று புகுந்துவிட்டால்? பம்ப் தள்ளுகிறது, முன்னே ஜல்லி அடைத்துக்கொண்டு வழி விட மறுக்கிறது, நடுவிலே மாட்டிக்கொண்ட காற்று நசுங்குகிறது. 20 படி காற்று ஒரு படியாகச் சுருங்குகிறது என்று வையுங்கள். அப்போது அதன் அழுத்தம் ஏறத்தாழ 20 பார். காரின் டயரிலே நிரப்பும் காற்று ஏறத்தாழ 2 பார்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு திடீரென்று விடுகிறது. அடங்கிக் கிடந்த காற்று ஆவேசமாக விரிகிறது. கலவையைக் கல்லாக வாரி இறைக்கிறது. தொங்கிக்கொண்டிருந்த குழாய் சாட்டையாகிறது!

சாட்டை என்றால் சாதாரணச் சாட்டையா? 5 அங்குல விட்டம், 4 மீட்டர் நீளம் உள்ள குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிரம்பியிருக்கும்போது உள்ளே இருக்கும் கலவையின் எடை மட்டும் ஏறத்தாழ 120 கிலோ. குழாயின் எடை தனி. இரண்டு மூட்டை சிமென்ட்டின் எடைக்கும் மேலான ஒரு சாட்டை கண் இமைக்கும் நேரத்திலே சுழன்று வீசுகிறது. அதைக் கையால் தடுப்பவன் உண்டா? காலால் நிறுத்துபவன் உண்டா? மாடி விளிம்பிலே நின்றவனைக் கீழே தள்ளும். கம்பி கட்டிய தளத்திலே நின்றவனைக் கம்பி மீது அறையும்.

காற்று எப்போது புகுகிறது? முதலில் பம்பைத் தொடங்கும்போது குழாய் முழுவதும் காற்றுதான். லாரி வரத் தாமதமாகி, தொட்டியிலே கலவை வற்றிவிட்டால், உருளை கலவைக்குப் பதில் காற்றை உறிஞ்சும். அடைப்பை எடுக்கக் குழாயைக் கழற்றி மாட்டினால், அப்போதும் காற்று புகும். வேலை முடிந்து, காற்றடித்துக் குழாயைச் சுத்தம் செய்யும்போதோ, வேண்டுமென்றே காற்றை ஏற்றுகிறோம். ஆகவே தொடக்கம், மறுதொடக்கம், அடைப்பு, சுத்தம் என்ற இந்த நான்கு வேளைகளும் அபாய வேளைகள். "விதி! அவன் நேரம்! என்ன செய்வது?" என்று பெருமூச்சு விடுகிறார்களே, அவர்களுக்குச் சொல்கிறோம்: விதி அல்ல ஐயா, காற்று! எப்போது வரும், எப்படி வரும், எங்கே அடிக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த காற்று!

இனி, கொடுமைக்குள் கொடுமையைக் கேளுங்கள்.

ரப்பர்க் குழாய் வீசுவதே ஆபத்து. அந்தக் குழாயின் முனையிலே ஓர் இரும்பு வளையமும் இருந்தால்? குழாயோடு குழாயை இணைப்பதற்காக முனையிலே பொருத்தும் இரும்புக் கழுத்து, "கப்ளிங்" என்பார்கள். பூம் பம்பின் நுனியிலே தொங்கவேண்டிய குழாய்க்கு ஒரு முனையிலே மட்டும்தான் அந்தக் கப்ளிங் தேவை. மேல் முனை இரும்புக் கையோடு இணைய வேண்டும். அங்கே இரும்பு வேண்டும். கீழ் முனை எதோடும் இணையப் போவதில்லை. அங்கே வெறும் ரப்பர் போதும். அப்படி இருக்க, இரண்டு முனையிலும் இரும்பு உள்ள குழாயை மாட்டித் தொங்கவிடுகிறார்களே, ஏன்?

காரணம் கேட்டால் கலங்கிப்போவீர்கள். இரண்டு முனையிலும் கப்ளிங் இருந்தால், அதே குழாயைத் தரையிலே ஓடும் வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். ஒரு முனை தேய்ந்தால் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். நீளம் போதவில்லை என்றால் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். குழாயின் ஆயுள் கூடுகிறது! ரப்பரின் ஆயுளைக் கூட்டுவதற்காக மனிதனின் ஆயுளைக் குறைப்பது என்ன கணக்கு? யார் எழுதிய கணக்கு? குழாய் வீசும்போது அந்த இரும்பு வளையம் சம்மட்டி ஆகிறது. தலைக்கவசம் மேலிருந்து விழும் சிறு கல்லைத் தாங்கும்; சுழன்று வரும் சம்மட்டியைத் தாங்குமா?

உலகம் இதை அறியாமல் இல்லை. அமெரிக்காவின் கான்கிரீட் பம்ப் தொழில் சங்கம், தொழிலாளர் சங்கம் அல்ல, பம்ப் வைத்திருப்பவர்களின் சங்கம், தன் பாதுகாப்பு நெறிகளிலே தெளிவாகச் சொல்கிறது: கொட்டும் முனையிலே உலோகம் எதுவும் கூடாது, குழாய் வீசினால் எட்டக்கூடிய வட்டத்துக்கு வெளியே ஆட்கள் நிற்க வேண்டும், கலவை சீராக வரத் தொடங்கிய பிறகே நெருங்க வேண்டும். முதலாளிகளே முதலாளிகளுக்குச் சொன்ன சொல் இது! அதைச் செய்யச் சொல்லி நாம் கேட்டால் மட்டும் புரட்சி பேசுகிறோம் என்பார்களா?

"எல்லாம் சரி, குறுகிய தூணுக்குள்ளே கலவை விட வேண்டுமே! 5 அங்குலக் குழாய் கம்பிகளுக்கு இடையே நுழையாதே! அதனால்தான் முனையிலே ஓர் இரும்புக் குறுக்கியை மாட்டுகிறோம், ஒரு துண்டுக் குழாயைக் கட்டுகிறோம்" என்கிறார்கள். தேவை உண்மை, செய்யும் முறை தவறு. 5 அங்குலத்தை 4 அங்குலமாகக் குறுக்கினால் வழியின் பரப்பு நூற்றுக்கு 64 ஆகச் சுருங்குகிறது. அதே அளவு கலவை வெளியேற வேண்டுமானால் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. அடைப்பு விழ வாய்ப்பும் கூடுகிறது. அந்த இடத்திலே, அந்த மனிதனின் முகத்துக்கு நேரே, இரும்பை வைக்கிறீர்கள்! குறுக்கத்தான் வேண்டுமென்றால், மேலே, இரும்புக் கையின் நுனியிலே குறுக்கியை மாட்டுங்கள். அதற்குக் கீழே மெல்லிய குழாயைத் தொங்கவிடுங்கள். அதன் முனை வெறும் ரப்பராக இருக்கட்டும். தூணும் நிரம்பும், உயிரும் மிஞ்சும்.

நீளம் போதவில்லை என்று இன்னொரு குழாயைச் சேர்க்கிறார்களே, அதையும் பாருங்கள். நடுவிலே ஓர் இரும்பு இணைப்பு வந்துவிடுகிறது. அத்தோடு, 4 மீட்டர் கூடினால் கலவையின் எடை மட்டும் 120 கிலோ கூடுகிறது. 30 மீட்டர் தள்ளி 120 கிலோ தொங்கினால், அது ஒரு மீட்டர் தள்ளி 3,600 கிலோ தொங்குவதற்குச் சமம். ஏற்றம் இறைத்த நாட்டிலே பிறந்தவனுக்கு இந்த நெம்புகோல் கணக்கு புரியாதா? இயந்திரத்தைச் செய்தவன் எவ்வளவு நீளம், எவ்வளவு எடை என்று தகட்டிலே எழுதி ஒட்டியிருக்கிறான். அதை மீறினால் கை முறியும், லாரி கவிழும்.

ஆகவே, குழாயின் முனையிலே என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பது அற்ப விஷயம் அல்ல. சுருக்கமாகச் சொல்கிறோம், மேஸ்திரிகள் மனத்திலே எழுதிக்கொள்ளட்டும்.

முதலாவது: கொட்டும் முனையிலே கப்ளிங் இல்லை, கிளாம்ப் இல்லை, குறுக்கி இல்லை, இரும்புக் குழாய்த் துண்டு இல்லை. ரப்பர், ரப்பர் மட்டும்!

இரண்டாவது: இரும்புக் கையோடு குழாய் இணையும் மேல் இணைப்புக்குப் பூட்டு ஊசி வேண்டும், அது கழன்றாலும் குழாய் விழாதபடி பாதுகாப்புச் சங்கிலியோ வாரோ வேண்டும். தலைக்கு மேலே தொங்கும் எதுவும் ஒரே பிடியை நம்பித் தொங்கக் கூடாது.

மூன்றாவது: குழாய் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகரும்போது மிச்சக் கலவை கீழே நிற்பவர் தலையிலே விழாமல் இருக்க, நுனியை மூடும் வால்வுகள் இருக்கின்றன. இயந்திரத்தைச் செய்தவன் அனுமதித்த எடைக்குள் அடங்கும் வால்வாகப் பார்த்து மாட்டலாம். அது இல்லையா? ஆட்களை விலக்கிவிட்டு நகர்த்த வேண்டும்.

நான்காவது: காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட வேண்டும். குழாய்க்குள்ளே விட்ட பஞ்சுப் பந்து குண்டு போல் பாய்ந்து வெளியேறும். அதைப் பிடிக்கும் கூடையைக் குழாயின் வாயிலே மாட்ட வேண்டும். பார்த்தீர்களா! இரும்பு கூடாது என்ற வேளையிலே இரும்பு மாட்டுகிறார்கள். இரும்புக் கூடை கட்டாயம் வேண்டும் என்ற வேளையிலே வெறும் வாயாக விடுகிறார்கள்!

ஐந்தாவது: குழாயைத் தோளிலே போடாதே, கால்களுக்கு இடையிலே வைக்காதே, வாய்க்குள்ளே எட்டிப் பார்க்காதே, முனையைக் கலவைக்குள்ளே புதைக்காதே. இழுக்கக் கயிறோ வாரோ கட்டு; ஆனால் அதை மணிக்கட்டிலே சுற்றாதே. அடைப்பு விழுந்தால் பம்பைப் பின்னோக்கி ஓட்டி அழுத்தத்தை இறக்கிய பிறகே இணைப்பைத் தொடு.

இவற்றிலே எதற்கு லட்சம் வேண்டும்? எதற்குக் கோடி வேண்டும்? "பாதுகாப்புக்குப் பணம் ஏது?" என்று கையை விரிப்பது முதலாளிகளுக்குப் பழக்கம். இங்கே முதல் பாதுகாப்பு வாங்குவது அல்ல, நீக்குவது! ஓர் இரும்பு வளையத்தை முனையிலிருந்து எடுத்துவிடுவது! ஒருமுனைக் குழாய் என்று கேட்டு வாங்குவது! சதுர அடி இவ்வளவு என்று ஆயிரக்கணக்கிலே விலை பேசும் கட்டடத்திலே, ஒரு முழ ரப்பருக்குக் கணக்குப் பார்க்கிறீர்களா?

"தொழிலாளி கவனமாக இருக்க வேண்டும், அவன் அஜாக்கிரதையாக இருந்தால் நாங்கள் என்ன செய்வது?" என்றும் ஒரு பாட்டு உண்டு. கவனம் வேண்டும்தான். ஆனால் லாரிகளை வரிசையிலே நிறுத்தி, கலவை இறுகுகிறது, சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டியது யார்? குழாய் ஆடுகிறது, தள்ளி நிற்கிறேன் என்றவனைப் பயந்தாங்கொள்ளி என்று ஏசியது யார்? அபாயம் என்ன என்பதை அவனுக்குப் புரியும் மொழியிலே எப்போதாவது சொன்னீர்களா? தமிழனுக்குத் தமிழிலும், பீகாரித் தோழனுக்கு இந்தியிலும், வங்கத் தோழனுக்கு வங்காளியிலும், ஒடிசாத் தோழனுக்கு ஒடியாவிலும் சொல்லுங்கள். அவனவன் தாய்மொழியிலே சொன்னால்தான் அவனவன் உயிரைக் காக்கும். ஆங்கிலத்திலே அச்சடித்து லாரியின் பக்கவாட்டிலே ஒட்டிய எச்சரிக்கை யாருக்கு? காற்றுக்கா?

சட்டத்தின் கதையையும் பார்ப்போம். கட்டடத் தொழிலாளர்களுக்கென்று மத்தியச் சட்டம் வந்தது 1996இலே. விதிகள் வந்தது 1998இலே. பம்ப் செய்யும் கான்கிரீட்டின் குழாயை முனையிலும் வளைவுகளிலும் பிணைக்க வேண்டும், உச்சிக்கு அருகே காற்றை வெளியேற்றும் வால்வு வைக்க வேண்டும், பம்பின் வாயோடு உறுதியாகப் பொருத்த வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லின. காற்றின் பகையை அறிந்தவர்கள் எழுதிய விதிதான்! ஆனால் அவர்கள் கண்முன் நிறுத்திய குழாய், சாரத்தோடு கட்டிய நிலையான குழாய். அந்தரத்திலே ஊசலாடும் ரப்பர்க் குழாயின் முனையை எதோடு பிணைப்பது? அந்த முனையை மனிதனின் கையோடு பிணைத்துவிட்டார்கள்!

2020இலே தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 1996 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அந்தத் தொகுப்பின் நிறை குறை பற்றிப் பேச வேறு நாள் உண்டு. அதன் கீழ் விதிகளும் தரங்களும் எழுதுகிறவர்களுக்கும் திருத்துகிறவர்களுக்கும் இன்று ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு வரி எழுதுங்கள்: "பூம் பம்பின் கொட்டும் முனையிலே உலோகம் எதுவும் இருத்தல் ஆகாது." மாநில அரசு தன் பணிகளுக்கு விடும் ஒப்பந்தத்திலே இதை இன்றே ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். டில்லியைக் கேட்க வேண்டியதில்லை. யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பாலம் கட்டும் ஒப்பந்தக்காரரிடம் கம்பியின் தரம் கேட்கிறீர்கள், சிமென்ட்டின் தரம் கேட்கிறீர்கள். குழாயின் முனையையும் ஒரு தடவை பாருங்கள்!

1982இலே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் கண்ட மாநிலம் இது. 1994இலே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. இறந்தவன் குடும்பத்துக்கு நிதி கொடுக்க வாரியம் உண்டு, அது நன்று. அவன் இறக்காமல் இருக்க வழி செய்வது அதனினும் நன்று. கைம்பெண்ணின் கையிலே காசோலை கொடுத்துப் படம் எடுப்பதைவிட, கணவன் மாலையிலே வீடு திரும்பக் கதவு திறந்து வைப்பதுதான் ஆட்சிக்கு அழகு.

தோழர்களே! உங்களுக்கும் ஒரு சொல். நாளைக் காலையிலே வேலைக்குப் போகிறீர்கள். பம்ப் லாரி வந்து நிற்கிறது, கை விரிகிறது, குழாய் இறங்குகிறது. தொடும் முன் முனையைப் பாருங்கள். இரும்பு தெரிகிறதா? "இதை மாற்றுங்கள், பிறகு வருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒருவன் சொன்னால் விரட்டுவார்கள்; பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் விழிப்பார்கள்; தளத்திலே நிற்கும் அத்தனை பேரும் சொன்னால் மாற்றுவார்கள். கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் சென்ட்ரிங் தோழரும் அவனோடு சேர்ந்து நில்லுங்கள். குழாய் வீசினால் அது ஊர் பார்த்து, மொழி பார்த்து, தொழில் பார்த்து அடிப்பதில்லை.

கோபுரங்களிலே கல் சுமந்தவன் பெயர் கல்வெட்டிலே இல்லை. அணைகளிலே மண் சுமந்தவன் பெயர் ஏட்டிலே இல்லை. இன்றைய மாடிகளிலே குழாய் பிடித்தவன் பெயரையும் எவரும் பொறிக்கப் போவதில்லை. பெயரைப் பொறிக்க வேண்டாம்; அவன் உயிரை விட்டுவையுங்கள்! கட்டடத்துக்குள்ளே எவ்வளவு இரும்பு வேண்டுமானாலும் போடுங்கள். குழாயின் முனையிலே மட்டும் வேண்டாம்!